உவன் ஆர்?

இதைக் கதை என்று நினைத்து வாசிப்பவர்கள் அப்படியே வாசிக்கட்டும். நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் கனகலிங்கத்தாருக்குக் கதை கட்டத் தெரியாது. புகையிலை நடத் தெரியும், வேலிக்குச் சண்டை பிடிக்கத் தெரியும், பறக்கிற தாராவை, காட்டு வாத்தை, விழுத்தத் தெரியும். அவ்வளவுதான். அவர் வாயால் கேட்டதை, நேரம் உட்பட, அப்படியே எழுதுகிறேன். கையில் மணிக்கூடு கட்டியிருந்த மனுஷன். நிமிஷத்துக்கு ஒருக்கால் அதைப் பார்க்கிற பழக்கம். அதனால்தான் ஒரு நிமிஷமும் அவருக்கு மறக்கவில்லை, பாவம்.

வெளியூர்க்காரருக்கு ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் தூரத்தில் நிற்பவன் 'அவன்'. என் பக்கத்தில் நிற்பவன் 'இவன்'. உன் பக்கத்தில் நிற்பவன் 'உவன்'. இந்த மூன்றாவது சொல்லை மற்ற ஊர்க்காரர் எப்போதோ தொலைத்துவிட்டார்கள். நாங்கள் தொலைக்கவில்லை. தொலைத்திருந்தால் நல்லது என்று கனகலிங்கத்தார் சொல்வார்.

1983 மார்கழி, அதாவது டிசம்பர் 28, புதன்கிழமை. திருவெம்பாவை முடிந்து ஒரு வாரம். பத்து நாள் மரக்கறி தின்று ஊருக்கே நாக்குச் செத்துப் போயிருந்தது. கனகலிங்கத்தார் ஒற்றைக் குழல் துவக்கைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கொட்டியாங்குளத்துக்குப் போனார். தென்மராட்சியில், மூன்று ஊருக்கும் பொதுவான குளம். எருமை குளிக்கும், சனம் மீன் பிடிக்கும், மாரியில் தாரா வந்து விழும். அங்கே ஆரும் துவக்கால் வெடி வைக்கலாம். ஆரும் ஆரையும் போ என்று சொல்ல ஏலாது.

பொதுக்குளம் என்றபடியால் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தாழப் பறக்கிற தாராவுக்கு வெடி வைப்பதென்றால் முதலில் "தலை பணி!" என்று கத்த வேண்டும். எதிர்ப்பக்கம் நிற்பவன் "ஓம்!" என்று சம்மதம் சொல்லித் தண்ணீரில் குந்த வேண்டும். ஓம் கேட்காமல் எவனும் விசையில் விரல் வைக்கக்கூடாது. பெரியவர், சின்னவர் என்று அதில் மரியாதை கிடையாது. எல்லாருக்கும் ஒரே சொல்தான். பணி.

பின்னேரம் 5:10. சைக்கிளை மருத மரத்தில் சாத்திவிட்டு மேற்குக் கரைப் புல்லுப்பற்றைக்குள் இறங்கினார். தொடையளவு தண்ணீர். தவளைச் சத்தம் இல்லை. மாரிகாலத்தில் தவளை கத்தாத குளமா? மழை இருட்டுது போல என்று நினைத்துக்கொண்டார்.

5:32. முதல் கூட்டம் வந்தது. வெடி வைத்தார். ஒன்று விழுந்தது. சாகவில்லை. ஒரு செட்டையால் தண்ணீரை அடித்துக்கொண்டு வட்டமாய்ச் சுற்றியது. எட்டிப் பிடித்துக் கழுத்தை இடப்பக்கம் இரண்டு திருகு திருகினார். கறுக்... கறுக். இடுப்பில் செருகினார். குற்றுயிராய் விடக்கூடாது, பாவம் என்பது தாரா வேட்டைக்காரரின் நியாயம்.

புதுத் தோட்டாவைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் எதிர்ப் பற்றையில் தம்பி நிற்பதைக் கண்டார். நூற்றிருபது அடி தூரத்தில் சீவரத்தினம்.

பத்திக்கொண்டு வந்தது. எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அடுத்தடுத்த வீட்டு வளவு. சித்திரையில் வேலி அடைத்தபோது தம்பி கதியால் தடியை அரை முழம் தள்ளிப் போட்டான் என்று அண்ணன் சொன்னார். அண்ணன்தான் தள்ளினார் என்று தம்பி சொன்னான். கத்தி எடுக்கிற அளவுக்குப் போய், "இனி உன்ரை முகத்திலை முழிச்சால் வெட்டுவன்" என்று ஊர் கேட்க இவர் சத்தியம் பண்ணியிருந்தார். பெஞ்சாதி குணலட்சுமி எத்தனை தரம் கும்பிட்டுச் சொல்லியும் இறங்கி வரவில்லை. தூக்கி வளர்த்த தம்பி. அதனால்தான் கோபம் அத்தனை பெரிசு.

குளம் பொது. போ என்று சொல்ல ஏலாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

5:46. இரண்டாவது கூட்டம் இறங்கியது. ஆனால் இவர் பக்கம் ஒன்றும் இருக்கவில்லை. அவரைச் சுற்றி ஒரு பெரிய வட்டத்துக்கு வெறும் தண்ணீர். அந்த வட்டத்தின் ஓரம் வரை நீந்தி வந்த தாராக்கள் திரும்பிப் போயின.

அவர் அசையவில்லை. ஆனால் பின்னால் இருந்து ஒரு அலை வந்து முழங்காலின் பின்பக்கம் மோதியது...

5:51.

"அண்ணை!"

எட்டு மாதத்துக்குப் பிறகு தம்பியின் குரல்.

"அண்ணை, உங்களுக்குப் பின்னாலை, அணைக்கட்டிலை... அவன் ஆர்?"

திரும்பிப் பார்த்தார். அணைக்கட்டு வெறுமையாய்க் கிடந்தது. மருத மரம். சைக்கிள். வேறு ஒன்றும் இல்லை. காறித் துப்பினார்.

5:55.

"அண்ணை, அவன் தண்ணிக்குள்ளை இறங்கீட்டான். உங்களோடை வந்தவனோ?"

தம்பி தன்னை வெருட்டி அனுப்பிவிட்டுத் தாராவைத் தானே விழுத்தப் பார்க்கிறான் என்று நினைத்தார். மம்மல் இருட்டு இறங்கிவிட்டது. தம்பியின் முகம் தெரியவில்லை, உருவம்தான் தெரிந்தது.

பிடரியில் ஒரு துளி தண்ணீர் விழுந்தது. சில்லென்று.

மழை இல்லை.

5:58.

"அண்ணை... உவன் ஆர்?"

குரல் நடுங்கியது. அதையும் நடிப்பு என்று நினைத்தார்.

"ஆரடா? நான் தனிய நிக்கிறன்! வேலியைத் திண்டது காணாதெண்டு இஞ்சையும் விளையாட வந்திட்டியோ?"

"திரும்பாதேங்கோ!"

இன்னொரு துளி. பிறகு ஒழுகியது. சேற்று நாற்றம்.

"தலை பணி! அண்ணை, தலை பணி!"

வானத்தில் ஒரு தாராவும் இல்லை.

தம்பியின் துவக்கு மட்டும் இவரை நோக்கி நிமிர்ந்தது.

அந்த நேரத்தில் குந்தியிருந்தால் இந்தக் கதையே வேறு. ஒரு நொடி வேலை. ஆனால் கனகலிங்கத்தாருக்குப் 'பணி' என்ற சொல் வேறு மாதிரிக் கேட்டது. எட்டு மாதமாய் ஊரே அவரிடம் கேட்டது அதைத்தான். தம்பியிடம் பணிந்து போ, பணிந்து போ என்று. பணிய மாட்டேன் என்று முள்ளந்தண்டை நிமிர்த்தி நின்றார். ஓம் சொல்லவில்லை.

6:01. டமார்!

ஓம் கேட்காமல் வெடி வைத்துவிட்டான். ஈயச் சன்னங்கள் அவர் தலைக்கு மேலால் விசிறிப் போயின. பின்னால் எதுவோ நனைந்த சாக்குப் போல விழுந்தது. அதைப் பார்க்கிற புத்தி அவருக்கு இல்லை. கண்ணுக்குள் இரத்தம். என்ரை தம்பி என்னைச் சுட்டுப்போட்டான்... அதுதான் மண்டைக்குள் நின்றது.

துவக்கைத் தூக்கினார். வெடி வைத்தார்.

சீவரத்தினம் மடிந்து தண்ணீரில் விழுந்தான்.

அந்தச் சத்தத்தில்தான் அவருக்குப் புத்தி வந்தது. துவக்கை எறிந்துவிட்டு, "ஐயோ தம்பி" என்று குளறிக்கொண்டு தண்ணீரைக் கிழித்து ஓடினார். தொடையில் பட்டிருந்தது. புல்லுப்பற்றை சிவந்துவிட்டது. தம்பிக்கு நினைவு இருந்தது. கோபம் இல்லை.

"பட்டுதோ அண்ணை?"

"எனக்குப் படேல்லையடா..."

"உங்களுக்கில்லை. உங்கடை கழுத்திலை கை வைச்சவனுக்கு."

இடுப்புச் சாரத்தைக் கிழித்துத் தொடையைக் கட்டினார். தம்பியை முதுகில் ஏற்றினார். சின்ன வயதில் இதே குளத்தில் இப்படித்தான் சுமப்பாராம். இரண்டு கையாலும் இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிள் நின்ற மேற்குக் கரைக்கு நடந்தார். தம்பியின் தாடை அவர் தோளில் இருந்தது.

"வேலியைப் பிடுங்கி எறியிறன் தம்பி. நாளைக்கே எறியிறன். நீ மட்டும் போயிடாதை."

"உது கிடக்கட்டும்... கெதியா நடவுங்கோ."

6:09. தான் முதலில் நின்ற பற்றையைத் தாண்டினார். சளக்... சளக்... அவர் காலடி.

சளக்.

அது அவருடையது அல்ல.

நின்றார். அது இன்னும் ஒரு அடி வைத்துவிட்டு நின்றது.

"அண்ணை, அவன் எழும்பீட்டான்." தம்பி திரும்பிப் பார்த்துக்கொண்டு காதுக்குள் சொன்னான். "நடை இஞ்சாலை... முகம் அங்காலை."

ஓடினார். தண்ணீரில் ஓட முடியுமா? சேறு காலைப் பிடித்தது.

சளக் சளக் சளக்.

கரைக்கு இருபது அடி.

பத்து அடி.

"முருகா..."

தம்பியின் மூச்சு நின்று, மறுபடி வந்தது.

"அண்ணை..."

"என்னடா?"

"இவன்..."

கறுக்.

கறுக்.

6:12. அதற்குப் பிறகு பின்னால் ஒரு சத்தமும் இல்லை. குளம் முழுக்கத் தவளைகள் கத்தத் தொடங்கின.

தம்பிக்கு மயக்கம் என்றுதான் நினைத்தார். அப்படி நினைக்கத்தான் மனம் விட்டது. தெருவில் ஊர்க்காரர் முத்துக்குமாருவின் உழவு இயந்திரம் வந்தது. அதில் ஏற்றி 7:25க்கு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தம்பியின் பெஞ்சாதி இராசமலர் தலைவிரி கோலமாய் ஓடி வந்தாள். கனகலிங்கத்தார் அவள் காலடியில் விழுந்தார். "நான்தான் சுட்டனான்" என்று பொலிசுக்கும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

அடுத்த நாள் காலை 9:40. பிரேதத்தை அறுத்துப் பார்த்த டொக்டர் அவரைக் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு பொலிசுக்காரன்.

"தொடையிலை ஒன்பது சன்னம். எலும்பிலை படேல்லை. பெரிய நரம்பும் தப்பீட்டுது. உதாலை ஆள் செத்திருக்காது."

டொக்டர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"கழுத்து முறிஞ்சிருக்கு. இடப்பக்கம், இரண்டு திருகு. ஆர் திருகினது?"

இரண்டு கையாலும் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு வந்ததை அவர் சொன்னார். தம்பி ஏன் வெடி வைத்தான் என்பதையும் சொன்னார். பொலிசுக்காரன் எழுதுவதை நிறுத்தினான். டொக்டர் இவருடைய சேட்டுக் கொலரை விலக்கிப் பார்த்தார்.

கழுத்தில் நீலமாய் நாலு விரல் அடையாளம். மற்றப் பக்கம் பெருவிரல். தோல் இடப்பக்கமாய்ச் சுருங்கியிருந்தது. திருகத் தொடங்கி, பாதியில் விட்ட கை.

குளத்துக்குப் போன பொலிசு இன்னொன்றும் சொன்னது. தம்பியின் சன்னங்கள் அணைக்கட்டு மருத மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே பதிந்திருந்தன. அண்ணன் குந்தாதபடியால் அவன் துவக்கை உயர்த்தி வெடி வைத்திருக்கிறான். அண்ணனில் படக்கூடாது என்று. அவர் பணிந்திருந்தால் அந்த வெடி நேரே பின்னால் நின்றதன் நெஞ்சில் பட்டிருக்கும்.

கனகலிங்கத்தார் ஒன்றரை வருஷம் சிறை மறியலில் இருந்தார். வந்த அன்றே வேலியைப் பிடுங்கினார். இன்றுவரை அந்த இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு கதியால் இல்லை.

நான் இதைக் கேட்டது 1994 பங்குனியில், நல்ல வெயிலில், அவருடைய புகையிலைத் தோட்டத்து வரம்பில். நான் நம்பவில்லை என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சேட்டை விலக்கி, தலையைப் பணித்து, "தொட்டுப் பார்" என்றார். தொட்டேன். அவர் உடம்பெல்லாம் வேர்வை, கொதிக்கிற சூடு. ஆனால் அந்த ஐந்து விரல் இடமும் சில்லென்று இருந்தன. கையை எடுத்துப் பார்த்தேன். என் விரல் நுனியில் சேறு.