வியப்புக்குறிக்கு இடமில்லை

"அய்யோ, ஆத்தா, அடப்பாவி, எல்லாத்தையும் எடுத்துரும்மா. கத்துறது பார்க்கிறவங்க காதுல விழுதுல்ல? அதை வேற எழுதிக் காட்டணுமா?"

தொலைபேசியில் சார் எனக்கு இட்ட முதல் கட்டளை இதுதான். தமிழ்த் தொடர்களின் வசனத்தை மலாயில் சுருக்கி, திரையின் அடியில் ஓடும் வரிகளாக எழுதும் வேலை. என் வரிகளைத் திருத்துபவர் அவர். அலுவலகம், பிஜே என்று எல்லோரும் சொல்லும் பெட்டாலிங் ஜெயாவில். வீட்டிலிருந்தபடியே மூன்று அத்தியாயங்கள் எழுதி அனுப்ப வேண்டும். அவை தேறினால் நிரந்தர வேலை; தேறாவிட்டால் வேறு ஆள்.

எனக்கு அந்த வேலை வேண்டும். எங்கள் குடும்பத்தில் இடைநிலைப்பள்ளியை முடித்த முதல் ஆள் நான். பிறகு பல்கலைக்கழகம் போய், அங்கே மலாய் மொழியையே பாடமாக எடுத்துப் படித்தேன். மலாய்க்கார மாணவிகள் தங்கள் கட்டுரைகளை என்னிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிப் போவார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. ஆனால் பட்டத்தோடு ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்பி வந்து ஒரு வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் அம்மா, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு உதிரிப் பழம் பொறுக்கப் போய்விடுவார். அப்பா ஆலையில் காவல் வேலை. நான் மட்டும் மடிக்கணினியோடு வீட்டில் இருப்பேன். எழுந்து நடப்பேன், உட்காருவேன், மறுபடி எழுந்து நடப்பேன்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா குடியிருக்கிறார். துணி காயப்போடும்போதெல்லாம் என் சன்னலுக்குள் எட்டிப் பார்ப்பார்.

"என்னா பாப்பா, யுனிவர்சிட்டி வரைக்கும் படிச்சிட்டு இன்னும் டிவிதான் பார்த்துக்கிட்டு இருக்கியா? எனக்கும் அந்த வேலையை வாங்கிக் குடு லா. நான் நல்லா பார்ப்பேன்."

"உங்களுக்கு ஓவர்டைமே குடுப்பாங்கக்கா."

சிரித்துக்கொண்டே சொல்வேன். அவர் போனதும் ஒரு வரிகூட ஓடாது.

சாரின் கட்டளையைக் கேட்டபோது, வியப்புச் சொற்களை நீக்குவது லேசான காரியம் என்றுதான் நினைத்தேன். நீக்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் தொடர்களில் அவற்றைத் தவிர வேறு எவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. இரண்டாம் அத்தியாயத்தில் ஒருத்திக்குக் கணவன் இறந்த செய்தி வருகிறது. அவள் சொல்வதெல்லாம் 'ஐயோ' மட்டும். வாசலில் ஒரு ஐயோ, தூணைப் பிடித்துக்கொண்டு ஒன்று, தரையில் விழுந்து பல. மலாயில் 'அடூ' என்று போட்டால் பல்வலி போல இருக்கும். 'அலாமாக்' என்றால் முட்டை உடைந்ததுபோல. மலாய்க்காரப் பெண்ணாக இருந்தால் இறைவனைக் கூப்பிடுவாள். இந்தப் பெண்ணின் நெற்றியிலோ திருநீறு. கடைசியில் எதுவும் எழுதவில்லை. அவள் கதறக் கதறத் திரையின் அடிப்பாகம் காலியாகக் கிடந்தது. "நல்லா இருக்கு" என்றார் சார். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அப்போதிலிருந்து காது வேறு மாதிரி ஆகிவிட்டது. எங்கே போனாலும் யார் எப்படி வியக்கிறார்கள் என்றுதான் கேட்டேன். வலித்தால் நாங்கள் அம்மாவைக் கூப்பிடுகிறோம். வலி போனால் 'அப்பாடா' என்று அப்பாவை. ஆச்சரியப்பட்டால் 'அடேயப்பா', பயந்தால் 'யம்மாடி'. குடும்பமே இல்லாமல் தமிழனால் ஒரு பெருமூச்சுகூட விட முடியாது போலிருக்கிறது. அழகாக இருக்கிறது என்று சொல்ல மலாய்க்கு ஒரு சின்ன வால் போதும்: 'சந்தேக்' என்றால் அழகு, 'சந்தேக்ஞா' என்றால் அடடா என்ன அழகு. நாமோ 'என்ன', 'எவ்வளவு' என்று கேள்வி கேட்கிறோம், பதில் யாரும் சொல்வதில்லை. ஆங்கிலக்காரர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் 'ஆஹா! என்னே இயற்கையின் எழில்!' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மலாய்த் தேர்வில் 'என்னே'வுக்குப் பதில் 'அலாங்கா' என்று தொடங்கி எழுதினேன், அதற்கும் முழு மதிப்பெண். இந்த இரண்டையும் வாயால் சொன்ன ஒரு மனிதரை நான் இதுவரை சந்திக்கவில்லை. ரந்தாவ் சீனர் மளிகைக்கடையில் முதலாளி தராசைப் பார்த்து 'ஐயோ' என்றார், எங்கள் ஐயோவைவிடக் கொஞ்சம் நீளமாக. இதையெல்லாம் மனதில் போட்டு உருட்டுவதால் வேலை நடந்துவிடாது என்று தெரியும். ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

மூன்றாம் அத்தியாயம் வந்தது. அதில் ஒரு காட்சி. மகள் கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வருகிறாள். அம்மாக்காரி திரும்பிப் பார்க்கிறாள். நான் அதை ஓட்டிக்கொண்டிருந்தபோது என் அம்மா வேலை முடிந்து வந்து, பூட்ஸ் காலோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நடிகை வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மா சொல்லிவிட்டார்:

"யப்பா, என் கண்ணே பட்டுரும் போலருக்கே!"

நடிகையும் அப்படியே சொன்னாள்.

"எப்படிம்மா தெரியும்?"

"வேற என்னாத்த சொல்லுவாங்க?" என்றபடி அம்மா பூட்ஸைக் கழற்றப் போய்விட்டார்.

எனக்கு என் பட்டமளிப்பு நினைவுக்கு வந்தது. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நின்ற என்னைப் பார்த்துத் தோழிகள் ஆங்கிலத்தில் கூவினார்கள், அவர்களுடைய அம்மாக்களும் கூவினார்கள். என் அம்மா மட்டும் மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "என்னாடி இது, காக்கா கணக்கா இருக்க" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே என்னை நிற்க வைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடி வரவில்லை. "பார்த்தியா, எவ்வளவு கண்ணு" என்றார். அவருடைய பாராட்டு அங்கேதான் இருந்தது. எனக்கு இருமல்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது.

அந்த வரிக்கு நான் பல மாதிரி எழுதிப் பார்த்துவிட்டுச் சாரைக் கூப்பிட்டேன். எங்கள் லயத்து வீடுகளில் கைத்தொலைபேசிக்கு லைன் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுக்கு ஏறிப் போக வேண்டும்.

"கண்ணு கிண்ணுன்னு இழுக்காதம்மா. மலாய்க்காரங்களுக்குப் புரியாது. 'சந்தேக்ஞா'ன்னு போட்டு முடி."

புரியாது என்று அவர் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. மறுநாள் காலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோலா சாவா முச்சந்திக்குப் போனேன். அங்கே நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்கார அக்காவை நான் மலாய் வழக்கப்படி 'காக்கா' என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கைக்குழந்தை, கடைக்குப் பின்னால் சாரோங் தொட்டிலில் கிடந்தது. பொட்டலம் கட்டிக்கொண்டே அவர் தொட்டிலுக்குள் குனிந்து மூக்கைச் சுருக்கினார். "பூசோக்ஞா! பூசோக்ஞா!" அடடா என்ன நாற்றம் என்று பொருள். குழந்தை பூப்போல இருந்தது.

"அழகுன்னு சொல்ல மாட்டீங்களா, காக்கா?"

"சொல்லுவாங்களா யாராவது? நீ படிச்ச பிள்ளை, இது தெரியாதா?" என்று மலாயில் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பெரிய பிள்ளையா இருந்தா? கல்யாணப் பொண்ணா இருந்தா?"

"என் தங்கச்சி நிக்காவுக்கு நான்தான் உடுத்திவிட்டேன். சந்தேக்ஞான்னு சொன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் பார்க்கப் பயமா இருந்துச்சு. வெளியே வந்து தண்ணி குடிச்சேன்." பொட்டலத்தை என் கையில் வைத்தார். "மிளகாய்ச் சம்பல் கூட வேணுமா, டிக்?" டிக் என்றால் தங்கை.

சம்பலை மறந்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். வீட்டுக்கு வந்து எழுதினேன்: 'சந்தேக்ஞா! தாக்குட் மாக் தெங்கோக் லாமா-லாமா.' அடடா என்ன அழகு, ரொம்ப நேரம் பார்க்க அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது. எழுதியதும் இதுதான் என்று தெரிந்துவிட்டது. மேட்டுக்கு ஓடிப்போய் அனுப்பினேன். இறங்கி வருவதற்குள் சார் அழைத்துவிட்டார்.

"இவ்வளவு நீளத்தை எங்க வைக்கிறது? அந்தம்மா ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போயிருது."

"வேகமா படிச்சிருவாங்க சார்."

"'சந்தேக்ஞா' போதும்னு சொன்னேன்ல?"

"அது பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றது சார். அம்மா சொல்றது இல்ல."

"நீ வேலைக்கு வர்றியா, சண்டைக்கு வர்றியா?"

"வேலைக்குத்தான் சார். ஆனா அந்த வரியை நான் மாத்த மாட்டேன்."

வாயை விட்டு வந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. மேட்டுக்கு ஏறினேன், இறங்கினேன். நகமெல்லாம் கடித்தாயிற்று. ஒரு வரிக்காக வேலையைத் தொலைத்துவிட்டாயே என்று ஒரு மனம் ஏசியது. வேறு எப்படி எழுதியிருப்பாய் என்று இன்னொரு மனம் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா, "என்னா பாப்பா, மலை மேல சாமி கும்பிடப் போறியா? தினம் போற?" என்றார்.

ஒரு மாலை தொட்டியடியில் நிற்கும்போது செய்தி வந்தது. 'மூணாவது பாஸ். சந்தேக்ஞாவை எடுத்துட்டேன், நீளம். மத்தது இருக்கட்டும். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வந்து சேரு.'

அவர் வெட்டியது வியப்பை. வைத்துக்கொண்டது பயத்தை. வியப்புக்குறியும் போய்விட்டது. அதை எண்ணிப் பார்க்கக்கூட எனக்கு நிதானமில்லை, சறுக்கிக்கொண்டே மேட்டை விட்டு இறங்கினேன். அம்மா பின்கட்டில் கையுறையை அலசிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"மெதுவா பேசு."

"அம்மா, வேலை கெடச்சிருச்சும்மா!"

"காது கேக்குது. மொதச் சம்பளம் வாங்குற வரைக்கும் யாருக்கிட்டயும் மூச்சு விடாத."

சுவருக்கு அந்தப் பக்கம் வாளி சத்தம் கேட்டது. "என்னாவாம் அங்க? டிவி வேலை என்னாச்சு?" என்றார் அக்கா.

"இன்னும் ஒண்ணும் வரல லா" என்றார் அம்மா, கண்ணிமைக்காமல்.

என்னால் முடியவில்லை. ஒரு வருடம் அந்தக் குரலுக்குச் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னவள் நான்.

"கெடச்சிருச்சுக்கா!"

வாளி உருண்டது. "யம்மாடியோவ்!" ஈரக் கையோடு ஓடி வந்து என் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டார் அக்கா. அந்தப் பிடியில் பொறாமை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கு அப்படித் தோன்றியிருக்க வேண்டும். அக்கா போனதும், "ஒரு மாசம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதாடி உனக்கு?" என்றார். முடியாது என்றேன். அன்று அவர் என்னோடு பேசவே இல்லை.

மறுநாள் மதியம், காட்டிலிருந்து அம்மாவுக்கு முன்பே திரும்பிய அக்கா நேராக என் சன்னலுக்கு வந்தார். அவரும் அம்மாவும் ஒரே கூட்டத்தில்தான் பழம் பொறுக்குகிறார்கள்.

"உங்கம்மா பண்ற கூத்தைக் கேளு பாப்பா. வேலை வாங்குற மண்டோர்கிட்ட சொல்லுது, 'எம் மவளுக்கு பிஜேல ஏதோ வேலையாம், பெருசா ஒண்ணும் இல்ல லா'ன்னு. அப்புறம் லோரி டிரைவர்கிட்ட. அப்புறம் அந்தப் பங்களாதேசிப் பசங்களைக் கூப்பிட்டு நிறுத்தி மலாயில சொல்லுது!"

"மலாயிலயா? என்னான்னு?"

"'கெர்ஜா கெச்சில் சாஜா'ன்னு. சின்ன வேலைதானாம். கேக்காத ஆளு பாக்கி இல்ல."