ஏன் நடக்கவில்லை என்று சொல்லும் பிளக்-இன்

திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது தெருவில், 2009ஆம் வருஷம், ஒரு காரியம் ஏன் நடக்கவில்லை என்று கம்ப்யூட்டரின் வாயால் சொல்லவைக்கிற வேலையை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினால் நம்புங்கள். பெயர் அன்புச்செல்வி. வயது இருபத்தொன்பது. அந்த வயதை அவளைவிடத் தெருக்காரர்கள்தான் சரியாக ஞாபகம் வைத்திருந்தார்கள்.

பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். அப்பா தசரதன் சர்வேயர் உத்தியோகம் கிடைத்து டவுனுக்கு வந்தவர், ஓய்வும் பெற்றுவிட்டார். ஆனால் அளக்கிற புத்தி ஓய்வு பெறவில்லை. அவர் நடை ஒன்றுக்கு இரண்டரை அடி. கல்யாண மண்டபமோ, துக்க வீடோ, வாசலைத் தாண்டும்போதே உதடு முணுமுணுக்கும். பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரரிடம் மண்டபத்தின் நீள அகலத்தைச் சொல்லிவிடுவார். கேட்டவர் எவருமில்லை.

மகள் எம்.சி.ஏ. படித்து, பெங்களூரில் ரயில் சிக்னல்களுக்கு மென்பொருள் சரிபார்க்கிற கம்பெனியில் சேர்ந்தாள். அம்மா சந்திரகலாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதும், “வீட்டிலிருந்தே செய்கிறேன்” என்று இரண்டு கம்ப்யூட்டரோடு ஊருக்கு வந்துவிட்டாள். மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் ஆபீஸ் நேரம். மின்வெட்டு நேரம் அம்மா நேரம்.

அவள் வேலையைப் புரியவைப்பது கொஞ்சம் சிரமம்தான், ஆனாலும் முயன்று பார்க்கிறேன். ஒரு சிக்னலுக்குப் ப்ரோகிராம் எழுதுவதற்கு முன்பு, அதற்கு ஜாதகம் எழுதிப் பார்ப்பதற்கென்று ஒரு கருவி உண்டு. எந்தச் செயல் நடக்கலாம், அதற்கு முன்னால் எது நடந்திருக்க வேண்டும், எது ஒருக்காலும் நடக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் கணக்குப் பாஷையில் அதற்குள் எழுதிவிட வேண்டும். இரண்டு ரயில் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வருமா வராதா என்று கருவி நிரூபித்துச் சொல்லும். கெட்டிக்காரக் கருவி. ஆனால் ஒரு துர்க்குணம். எங்கேயாவது எல்லாம் சிக்கி நின்றுவிட்டால், “நின்றுவிட்டது” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஏன் என்று சொல்லாது. அந்த ‘ஏன்’ சொல்கிற துண்டு ஒன்றைத் தனியாகச் செய்து கருவியோடு பொருத்துவதுதான் அன்புச்செல்வியின் வேலை. அந்தத் துண்டுக்குத்தான் பிளக்-இன் என்று பெயர்.

“மிக்சி கடைல வாங்கறோம். சட்னி ஜார் தனியா வாங்கி மாட்டறோம் இல்ல? நான் அந்த ஜார் செய்யறேம்மா” என்று அம்மாவுக்கு விளக்கினாள்.

“அதுக்கா ரெண்டு கம்ப்யூட்டரு?” என்றாள் சந்திரகலா.

பங்குனியில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை இளவரசன், அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை மேலேயே வீடு. அப்பா இல்லை, அம்மா தனம் வைத்ததுதான் சட்டம். வரனைக் கொண்டுவந்தவர் தரகர் தருமன், டி.வி.எஸ். வண்டிக்காரர். பெண்ணும் பிள்ளையும் ஐந்து நிமிஷம் பேசட்டும் என்று பெரியவர்கள் பெருந்தன்மையாக மாடிக்கு அனுப்பினார்கள். “என்ன வேலங்க பண்றீங்க?” என்று அவன் மரியாதைக்குக் கேட்டான். பாவி, தெரியாமல் கேட்டுவிட்டான். இருபத்தைந்து நிமிஷம் பிளக்-இன் கதை ஓடியது. கீழே பஜ்ஜி ஆறி அவலாகிப்போனது.

வழக்கமாக வருகிற வரன்கள் மூன்றாவது நிமிஷத்தில் செல்போனை எடுத்துப் பார்ப்பார்கள். இவன் கடைசிவரை கேட்டான். கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டான்.

“நின்னுட்டா ஏன்னு சொல்லும், சரி. நிக்காம சுத்திக்கினே இருக்குது, ஆனா போவ வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேரவே இல்லன்னா? அப்ப உங்க பிளக்-இன் என்ன சொல்லும்?”

“அப்படியெல்லாம் வராதுங்க” என்றாள் அன்புச்செல்வி. பச்சைப் பொய். அப்படி வரும் என்று கேட்ட கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, பிளக்-இன் அதற்குப் பதில் சொல்லாது என்பதும் தெரிந்துவிட்டது. அன்றைக்கே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்தது என்றால் சும்மா இல்லை, சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு.

அப்புறம் ஆரம்பித்தது வேடிக்கை. “பொண்ணு வூட்டுக்காரங்க வந்து வீடு பாக்கட்டும், அப்புறம் சம்மதம் சொல்றோம்” என்றாள் தனம். “சம்மதம் சொல்லட்டும், அப்புறம் வந்து வீடு பாக்கறோம். போய்ப் பாத்துட்டு வந்தப்பறம் வாணாம்னுட்டா என் மூஞ்சிய எங்க வெக்கிறது?” என்றார் தசரதன். இரண்டு பேருமே வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் முதலில் சொல்லத் தயாரில்லை. நம் ஊரில் மாப்பிள்ளை மணையில் ஏறுவதற்கு முன் கௌரவம் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அது இறங்கினால்தான் அடுத்தவருக்கு இடம்.

நடுவில் தருமன் இருந்தார். வாரத்துக்கு இரண்டு தடவை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. போகிற இடத்திலெல்லாம் டிபன். “சக்கர ஜாஸ்தியா போடும்மா, அந்த வூட்ல கம்மியா போட்டுட்டாங்க” என்பார். இரண்டு வீட்டிலும் இதையேதான் சொல்லியிருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது.

தசரதனுக்கு இன்னொரு தலைவலி. முப்பது வருஷமாக ஒரு பௌர்ணமி விடாமல் மலையைச் சுற்றிவந்த மனிதர். இப்போது மாப்பிள்ளை வீடு பாதை மேலேயே உட்கார்ந்திருக்கிறதே! அதைத் தாண்டினால், ‘வீடு பார்க்க வந்துவிட்டார்கள்’ என்று தனம் சொல்லிவிடுவாளாம். சித்திரை பௌர்ணமிக்கு ஊரே திரண்டது, இவர் கால்வலி என்று படுத்துக்கொண்டார். வைகாசிக்குப் பல்வலி.

“உங்க கௌரவம் எறங்கற வரைக்கும் அண்ணாமலையாரு காத்துக்கினு இருப்பாரா?” என்று சந்திரகலா கேட்டாள். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

ஆனி பிறந்ததும் தருமன் ஒரு செய்தி கொண்டுவந்தார். போளூரில் ஒரு பெண் வீட்டார், சம்மதம் கிம்மதம் எதுவும் கேட்காமல், நேராக வந்து தனத்தின் வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். “ஆடி பொறந்துட்டா யாரும் பேச்செடுக்க மாட்டாங்க. அதுக்குள்ள முடிச்சிடணும்னு அந்தம்மா நெனைக்குது” என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டார். அன்புச்செல்வி காலண்டர் தாள்களை எண்ணிப் பார்த்தாள். ஆடிக்கு நான்கு வாரம்தான் பாக்கி.

அதே வாரம் பெங்களூரிலிருந்து மேலாளர் போன். பிளக்-இன்னைக் காட்ட ஓர் உதாரணம் வேண்டும், லிப்டும் டிராபிக் சிக்னலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, புதிதாக ஏதாவது எழுது என்றார். அன்புச்செல்வி மூன்று நாள் நகத்தைக் கடித்தாள். நான்காம் நாள், ‘வெளியே தேடுவானேன்?’ என்று தன் கல்யாணத்தையே எழுத உட்கார்ந்தாள்.

எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது. சம்மதம் சொல்லுதல்: வீடு பார்த்திருக்க வேண்டும். வீடு பார்த்தல்: சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். தரகர் வருதல்: நிபந்தனை ஏதுமில்லை. அப்பாவின் கௌரவம் ஒருக்காலும் குறையக் கூடாது, தனத்தம்மாளின் கௌரவமும் அப்படியே. எல்லாம் எழுதி, பிளக்-இன்னை மாட்டி ஓடவிட்டாள். இப்போது அது ‘சிக்கிவிட்டது’ என்று சொல்லி, ஏன் என்று புட்டுப்புட்டு வைக்க வேண்டும்.

‘சிக்கல் எதுவும் இல்லை’ என்று வந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி ஓட்டினாள். சிக்கல் எதுவும் இல்லை. மூன்று மாதமாக வீட்டில் ஒருத்தரும் நிம்மதியாகத் தூங்கவில்லை, இது சிக்கல் இல்லை என்கிறது! வரிவரியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. எந்த நேரத்திலும் நடக்கக்கூடிய செயல் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. தரகர் வருகிறார். டிபன் சாப்பிடுகிறார். போகிறார். வருகிறார். எதுவும் நிற்கவில்லை அல்லவா? அதனால் கருவிக்குப் பரம சந்தோஷம்.

“அட கட்டையில போற கருவியே” என்றாள் அன்புச்செல்வி. உடனே மாடியில் அவன் கேட்ட கேள்வி காதில் விழுந்தது. நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால்? வாத்தியார் பங்குனியிலேயே கேட்டுவிட்டார், அவள்தான் பொய் சொல்லி மழுப்பினாள்.

மறுநாளிலிருந்து பிளக்-இன்னை அடியிலிருந்து பிரித்துப் போட்டாள். நின்றுவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது. போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று எழுதுகிறவனிடம் முதலில் கேட்டுவிட வேண்டும். அங்கே போய்ச் சேர வழியில்லை என்றால், எந்தச் செயல் எதற்காகக் காத்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். தேவையில்லாமல் கிடக்கிறவற்றையும் காட்டிவிட வேண்டும். பத்து நாள் வேலை. மின்வெட்டில் பாட்டரி தீர்ந்தால் பேப்பரில் எழுதினாள். அந்தப் பேப்பரை ஒருநாள் சந்திரகலா வடகத்துக்கு அடியில் விரித்துவிட்டாள், அதையும் வெயிலில் நின்று படித்து எழுதினாள்.

ஆனி பௌர்ணமியன்று மத்தியானம் பிளக்-இன் முடிந்தது. போய்ச் சேர வேண்டிய இடம்: கல்யாணம். ஓடவிட்டாள். இந்தத் தடவை பிளக்-இன் பதிலைப் புட்டுப்புட்டு வைத்தது. சம்மதம் வீடு பார்ப்பதற்குக் காத்திருக்கிறது. வீடு பார்ப்பது சம்மதத்துக்குக் காத்திருக்கிறது. தரகர் எத்தனை தடவை வந்தாலும் இந்த இரண்டும் மாறாது. மிகச் சரி. கடைசியில் மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஒரு வரி இருந்தது.

‘பெண்: மாறிலி. எந்தச் செயலிலும் இடம்பெறவில்லை. நீக்கிவிடலாம்.’

மாறிலி என்றால் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், கணக்கு முழுக்க மாறாமல் ஒரே இடத்தில் கிடப்பது. அப்பாவுக்கு ஒரு செயல் எழுதியிருந்தாள், தனத்தம்மாளுக்கு ஒன்று, இட்லி தின்னத் தருமனுக்குக்கூட ஒன்று. தனக்கு எழுதவில்லை. எழுதத் தோன்றவே இல்லை. தன் கையால் எழுதிய பிளக்-இன், ‘உன்னை எடுத்துவிட்டாலும் கணக்குக் கெடாது’ என்று அவள் முகத்துக்கு நேரே சொல்கிறது. அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட ஜாஸ்தியாகக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கீழே இறங்கிவந்து, “இன்னிக்கு மல சுத்தப் போறோம்” என்றாள்.

“எனக்கு முதுகு…” என்று ஆரம்பித்தார் தசரதன்.

“முதுகு வலிச்சா நடந்தா சரியாவும். வர்றியா, நானும் அம்மாவும் போவட்டுமா?”

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் செருப்பைக்கூடத் தேடாமல் எழுந்துவிட்டார். மலை சுற்ற வெறுங்கால்தானே. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: “அந்த வூட்டுப் பக்கம் நான் திரும்ப மாட்டேன். மலையத்தான் பாப்பேன். என்னை யாரும் வீடு பாத்தேன்னு சொல்லப்புடாது.” மலை வலக்கைப் பக்கம், மாப்பிள்ளை வீடு இடக்கைப் பக்கம். அண்ணாமலையாரே அவர் கௌரவத்துக்கு வசதி செய்து கொடுத்திருந்தார்.

மூன்று மணிக்குக் கிளம்பி, சந்திரகலாவின் முழங்காலுக்காக அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து, அடி அண்ணாமலை சேரும்போது ஆறடித்துவிட்டது. வீட்டு முன்னால் தனம் ஒரு அண்டா நிறைய மோர் வைத்து நடக்கிறவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இளவரசன் வேட்டியை மடித்துக் கட்டி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். தசரதன் கழுத்தை வலப்பக்கம் திருப்பி, சுளுக்குப் பிடித்தவர் மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். உதடு மட்டும் அசைந்தது. மந்திரம் சொல்கிறார் என்று சந்திரகலா நினைத்தாள்.

அன்புச்செல்வி கூட்டத்திலிருந்து விலகி அண்டா முன்னால் போய் நின்றாள்.

“அத்த, ஒரு மோர் குடுங்க.”

தனத்தின் கரண்டி நின்றது. “என்னம்மா இது? பேச்சு முடியாம இந்த வூட்ல கை நனைக்கலாமா?”

“நான் வீடு பாக்க வரலீங்க. உங்க புள்ளய எனக்குப் புடிச்சிருக்குது. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். எங்கப்பா சொல்லணும், நீங்க சொல்லணும்னு இருக்குது. நான் சொல்றதுக்கு யாரும் எடம் வெக்கல. அதான் நானே வந்துட்டேன்.”

பின்னால் மோருக்கு நின்ற கூட்டம் மோரை மறந்துவிட்டது. தனம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இத வந்து சொல்றதுக்கு மூணு மாசமா?”

“நீங்களும் மூணு மாசம் இங்கியேதான இருந்தீங்க, அத்த?”

இளவரசன் கையிலிருந்த டம்ளர் தொட்டிக்குள் விழுந்தது. பிறகு தனம் சிரித்த சிரிப்பில் கரண்டியிலிருந்த மோர் பாதி தரையில் கொட்டியது. “போளூர்க்காரங்க வந்து கக்கூஸ் எத்தினின்னு எண்ணினு போனாங்க. எம்புள்ளய எப்படின்னு ஒரு வார்த்த கேக்கல. இந்தாம்மா, குடி. எனக்கு முழு சம்மதம்” என்று டம்ளரை நீட்டினாள்.

இளவரசன் மெதுவாக, “பிளக்-இன் என்னாச்சுங்க?” என்று கேட்டான்.

“நீங்க கேட்டதுக்கு இப்ப பதில் சொல்லுதுங்க. அன்னிக்கி வராதுன்னு சொன்னது பொய்” என்றாள். ஒரே மூச்சில் மோரைக் குடித்தாள். உப்பு கொஞ்சம் ஜாஸ்தி என்பது நன்றாகத் தெரிந்தது.

தனம் இன்னொரு டம்ளரை எடுத்துக்கொண்டு பாதையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: “சம்பந்தி! மோரு குடிச்சிட்டு நடங்க!”

தசரதன் நின்றார். திரும்பவில்லை. மலையைப் பார்த்தபடியே இடது கையை மட்டும் பின்னால் நீட்டினார், பிறகு இடது கையால் வாங்கக் கூடாது என்று ஞாபகம் வந்து வலது கையை வளைத்து நீட்டினார். மோரைக் குடித்தார். டம்ளரை அதேபோல் பின்னால் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் சந்திரகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்பவாச்சும் திரும்பி ஒரு தடவ அந்த வூட்டப் பாத்தா என்னவாம்?” என்றாள்.

“நான் வீடு பாக்கல” என்றார் தசரதன். இன்னும் பத்தடி நடந்தார். அப்புறம் மகள் பக்கம் சாய்ந்து, “முகப்பு முப்பத்திரெண்டு அடி. வாசப்படிதான் கால்ல பட்டுச்சு, ரெண்டு இஞ்சு ரோட்டுக்கு வந்துக்குது. கல்யாணத்துக்கு முன்னாடி கொத்தனார வெச்சி சரி பண்ணச் சொல்லு” என்றார்.