ரேடியேட்டரில் நுரை

பதினோரு வயதில் நான் ஆரணியின் சிறந்த பேச்சாளர்களில் ஒருத்தி. இது என் சொந்தக் கருத்து மட்டுமன்று. வென்று வந்த மூன்று கோப்பைகளும் அதையே கூறின. எழுபதுகளின் இறுதியில், நான்காவது கோப்பையைக் குறிவைத்து 'காலத்தின் அருமை' என்னும் தலைப்பில் பேசிப் பழகிக்கொண்டிருந்த ஒரு காலையில், சித்தப்பாவின் டாக்சி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

எங்கள் கொல்லையில் இரண்டு அண்டாக்கள் உண்டு. ஒன்றில் கிணற்று நீர் இருக்கும். மற்றொன்றில், பட்டுநூலின் பசை போவதற்காக அப்பா சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு வேகவைத்து, நூலை எடுத்தபின் ஆறிக் கிடக்கும் நீர். "அவையோரே!" என்று வலக்கையை உயர்த்தி முழங்கிய நான், இடக்கைச் சொம்பை எந்த அண்டாவுக்குள் விட்டேன் என்று பார்க்கவில்லை.

போளூருக்குச் சவாரி போன சித்தப்பா, வழியெல்லாம் நின்று நின்று, நீராவி கக்கும் வண்டியோடு பிற்பகலில் திரும்பினார். வீட்டுக்குள் வராமல் நேரே தெருமுனை மெக்கானிக் ஷெட்டுக்கு ஓட்டினார். நானும் பின்னால் ஓடினேன்.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சித்தி நிறைமாதக் கர்ப்பிணி. மறுநாள் காலை கொண்டுவந்து சேர்த்தே ஆகவேண்டும் என்று வேலூர் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மறுநாளோ முகூர்த்த நாள். ஊரிலிருந்த மற்ற டாக்சிகள் எல்லாம் மாப்பிள்ளைகளுக்குப் பேசப்பட்டுவிட்டன.

மெக்கானிக் ஈரச்சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எஞ்சினை முறுக்கினார். வெள்ளையாகப் பொங்கி வந்தது.

"பாத்துக்கண்ணே, குமிழி எப்பிடி வருதுன்னு! ஹெட் கேஸ்கட் பூட்ச்சி."

"நல்லாப் பாத்துச் சொல்லுப்பா."

"பதினஞ்சு வருசமா இங்க இன்னா, மாடா மேய்ச்சிகினு கீறேன்?"

எஞ்சினுக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய தகடுதான் கேஸ்கட் என்றும், அது எரிந்துபோனால் உள்ளே வெடிக்கும் புகை தண்ணீருக்குள் புகுந்து குமிழியாக வரும் என்றும் அவர் விளக்கினார். பிறகு ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட டீ போல் இருக்குமாம். ஆயிலோ கன்னங்கரேலென்று இருந்தது. பிளக்குகளைக் கழற்றினார், அவையும் காய்ந்திருந்தன. அவர் நெற்றியைச் சொறிந்தார்.

"சில வண்டி இப்பிடித்தான் போக்கு காட்டும். ஹெட்டைக் கழட்டிப் பாத்துடலாம். மூணு நாள் ஆவும்."

"நாளைக்கு ஒரு நாள் ஓட்டிட்டு வந்து வுடட்டுமா?"

"பாதி வழியில ஹெட்டே வளைஞ்சிடும். புள்ளத்தாச்சிய நடுரோட்ல எறக்கி வுடப்போறியா?"

சித்தப்பா பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் நான் அதைக் கண்டேன். எஞ்சின் அணைந்து வெகுநேரம் ஆகியும், ரேடியேட்டர் வாயில் நுரை உடையாமல் வானவில் காட்டி நின்றது. அந்த நுரையை நான் பிறந்ததிலிருந்து அறிவேன்.

வேறு எந்தப் பிள்ளையும் ஒரே வரியில் உண்மையைச் சொல்லியிருக்கும். நான் பயிற்சி பெற்றவள். கவிழ்த்துவைத்திருந்த மரப்பெட்டியின்மேல் ஏறினேன்.

"பெருமதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களே! எஞ்சின் நுணுக்கம் அறிந்த மெக்கானிக் அண்ணன் அவர்களே! தண்ணீர் என்பது யாது?"

"யாருண்ணே இது, எலக்‌ஷன்ல நிக்குதா?" என்றபடி மெக்கானிக் எஞ்சின் மேல்மூடியின் நட்டைத் திருகினார்.

நான் மழையைப் பற்றிப் பேசி முடித்தபோது மூடி தரைக்கு வந்துவிட்டது. ஆறுகளைத் தொட்டபோது, "பாப்பா, வூட்டுக்குப் போ" என்றார் சித்தப்பா, தலை நிமிராமல். முன்னுரை, விளக்கம், முடிவுரை என்னும் வரிசையை எக்காரணம் கொண்டும் மீறலாகாது என்பது என் ஆசிரியர் கற்பித்த விதி. ஆனால் அடுத்த ஸ்பேனர் ஹெட்டின் நட்டிலேயே போய் உட்கார்ந்தது. என் வாழ்வில் முதன்முறையாக வரிசையைக் கைவிட்டேன்.

"பட்டு அவிச்ச தண்ணிய ஊத்திட்டேன், சித்தப்பா."

மெக்கானிக் இரண்டு விரல்களை நுரையில் தோய்த்துத் தேய்த்தார், முகர்ந்தார்.

"வழுக்குதுண்ணே!"

மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டு அலசினார். மேல்மூடியைப் பூட்டி, ரேடியேட்டரை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டார். மூவரும் தலையோடு தலை முட்ட ரேடியேட்டர் வாயையே பார்த்து நின்றோம். கால்மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் இலேசாக நடுங்கியது. ஒரு குமிழிகூட வரவில்லை.

"கேஸ்கட்டுக்கு ஒண்ணும் ஆவலண்ணே. உம் பொண்ணு எஞ்சினுக்கு சோப்பு போட்டுக் குளிப்பாட்டி வுட்டுகீது!"

அடிக்கு ஆயத்தமாகக் கண்களை மூடிக்கொண்டேன். தலைமேல் சித்தப்பாவின் கை மெதுவாக வந்து படிந்தது. விழித்துப் பார்த்தேன், அவர் அழுதுகொண்டிருந்தார். மறுநாள் அந்த வண்டி ஒருமுறைகூடச் சூடேறாமல் வேலூர் சேர்ந்தது. மாலையில் எனக்குத் தங்கை பிறந்தாள். தாயும் சேயும் நலம்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், டாக்சி வாங்காத நாளில், முதல் பிரசவத்துக்கு வேலூர் போகப் பஸ் ஏறிய சித்தப்பாவும் சித்தியும், நடுவழியில் பஸ் பழுதாகி நின்றுவிட, குழந்தையைப் பறிகொடுத்து வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. நான் வளர்ந்தபின் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அன்று ஷெட்டில் சித்தப்பாவின் கண்ணீரைக் கண்டதும், என் பேச்சு அவரை உருக்கிவிட்டது என்றே முடிவுகட்டினேன். ஒரே ஒரு குறைதான் எனக்கு. முடிவுரையையும் பேசியிருந்தால் மெக்கானிக்கும் அழுதிருப்பார்.