சைக்கிள் பூட்டுப் போட்ட வீடு

புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வான் வாசலில் வந்து நின்றது. பைகள் ஏற்றியாயிற்று, பிள்ளைகள் இரண்டும் ஏறியாயிற்று. "கதவைப் பூட்டிப்போட்டு வாரும்" என்றார் இவர். அப்போதுதான் எனக்கு விளங்கியது: எங்கள் வீட்டுக்குப் பூட்டே இல்லை.

சிரிக்காதீர்கள். தண்ணீரூற்றில் இந்த வீட்டைக் கட்டிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. உள்ளே தாழ்ப்பாள் உண்டு. வெளியே பூட்ட ஒருநாளும் தேவை வரவில்லை; உள்ளே எப்போதும் நான் இருந்தேன். கலியாணமோ திருவிழாவோ, "வீட்டுக்கு ஆள் வேணும், நீங்கள் போட்டு வாங்கோ" என்று அனுப்பிவிடுவேன். மாடு ஒரு சாட்டு, கோழி ஒரு சாட்டு. உண்மை வேறு. இது என் சீதனக் காணி. நான் கலியாணமாகாத குமராக இருந்த காலத்தில், சண்டை நெருங்கிய ஒருநாள், வீட்டார் எல்லோரும் சேர்ந்து இந்த வளவை விட்டுப் போனோம். அப்போது பூட்ட நேரமில்லை. திரும்பி வந்தபோது பூட்டக் கதவே இல்லை. அன்றிலிருந்து ஆளில்லாத வீடு என்றால் எனக்குப் பயம்.

இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டவள் மகள் துஷானி. பதினைந்து வயது. "வெயில் நிறைந்த நகரம், பக்கத்திலேயே கேளிக்கைப் பூங்காக்கள்" என்று சென்னையைப் பற்றிய விளம்பரம் ஒன்றைக் கைபேசியில் வாசித்தாள்.

"ஆவணி வெயிலிலை இஞ்சை கருகிறது காணாதெண்டு அங்கையும் போய்க் கருகப் போறியளோ?" என்று கேட்டேன்.

"அங்கை தண்ணிக்குள்ளை நிண்டு கருகலாம் அம்மா" என்றான் சின்னவன் மது.

அதன் பிறகு வீட்டில் வேறு கதையே இல்லை. எந்த விடுதி, எந்தச் சறுக்கில் முதலில் ஏறுவது என்று சாப்பாட்டு நேரமெல்லாம் சண்டை. நானும் மூன்று பேருக்குத்தானே என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இவர் நாலு டிக்கெட்டோடு வந்தார். "நீர் வராட்டி ஒருத்தரும் போகேல்லை." பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பிறகு என் சேலைகளையும் பைக்குள் அடுக்கினேன்.

இப்போது பூட்டு இல்லை. எனக்கு உள்ளூரச் சந்தோசம்தான், நல்ல சாட்டு கிடைத்ததே! ஆனால் இவர் சைக்கிள் கடைக்காரர். ஓடிப்போய்க் கடையிலிருந்து ஒரு சங்கிலிப் பூட்டை எடுத்துவந்து, கதவுக் கைப்பிடிக்கும் யன்னல் கம்பிக்குமாகச் சுற்றிப் பூட்டினார். மாட்டைப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்த பக்கத்து வளவு றசீனா அக்கா வேலியோரம் நின்று சிரித்தா. "என்ன புள்ள, வீட்டை ஆரும் சைக்கிள் மாதிரி உழக்கிக்கொண்டு போயிடுவாங்களோ?"

அந்தச் சின்னத் திறப்பை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

புதுக்குடியிருப்பு, பரந்தன், ஆனையிறவு என்று பலாலி விமான நிலையத்துக்கு நூற்றிருபது கிலோமீற்றர் வரும். ஆனையிறவு தாண்டுமட்டும் "வடிவாப் பூட்டினீங்களோ?" என்று இவரை அரித்து எடுத்தேன். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான், பயப்படத் தொடங்கமுன்னர் இறங்கிவிட்டோம். சென்னையில் டாக்சிக்காரத் தம்பி கேட்டார்: "மேடம், கேரளாவா?"

"இல்லைத் தம்பி, முல்லைத்தீவு."

"அது கேரளாவுல எந்தப் பக்கம்?"

மது சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை கடற்கரைச் சாலையால் பூங்காவுக்குப் போனோம். சேலையோடு தண்ணீரில் இறங்கக்கூடாதாம். வாடகைக்கு ஒரு நைலோன் உடுப்புத் தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று பேரும் அலைக்குளத்துக்கு ஓடினார்கள். நான் பைகளுக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன்.

துஷானி சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள். கண்ணில் தண்ணீர். குளத்துத் தண்ணீர் இல்லை.

"இஞ்சையும் வந்து காவலோ அம்மா? அப்ப ஏன் வந்தனீங்கள்?"

எழும்பிப் பைகளை அள்ளிக்கொண்டு, பொருள் வைக்கும் பெட்டிகளுக்குப் பொறுப்பாக நின்ற பெண்ணிடம் போனேன்.

"தங்கச்சி, இதுக்குத் திறப்பு எங்கை?"

"திறப்பா? காலைலயே திறந்தாச்சே மேடம்."

"அதில்லை, பூட்டுறதுக்குத் திறப்பு!"

"பூட்டுறதுக்கு எதுக்கு மேடம் திறக்கணும்?"

"சாவி அக்கா, சாவி!" என்று துஷானி அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள்.

கழுத்து நூலைக் கழற்றி வீட்டுத் திறப்பையும் பெட்டிக்குள் வைத்தேன். கழுத்து வெறுமையாக இருந்தது. என் வீடு கடலுக்கு அந்தப் பக்கம், அதன் திறப்பு யாரோ ஒருவருடைய பெட்டிக்குள். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். ஊதுகுழல் ஊதியது, அலை வந்தது, கால் தரையை விட்டது. ஐயோ என்று நான் போட்ட சத்தத்துக்கு முழுக் குளமும் திரும்பிப் பார்த்தது. அடுத்த அலைக்கும் கத்தினேன், ஆனால் அது பயத்தில் இல்லை. பின்னேரம் போவோம் என்று இவர் கூப்பிட்டபோது, "இன்னும் ஒரு அலை" என்று கெஞ்சியது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பொழுதுபடத் தண்ணீரூற்றுக்கு வந்து சேர்ந்தோம். கைப்பிடியும் கம்பியும் சங்கிலியும் விட்டது விட்டபடி. வீடு என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

"மாடு என்னைத் தேடினதோ அக்கா?" என்று றசீனா அக்காவிடம் கேட்டேன்.

"ஒருக்காலும் இல்லை. முந்தியை விட நல்லாத் தின்னுது."

எனக்கு ஒரு பக்கம் ஆறுதல், மறுபக்கம் பொல்லாத கோபம். இத்தனை வருடம் யாருக்குக் காவலிருந்தேன்?

இவர் சங்கிலியைக் கழற்றித் துடைத்தார். "இது இன்னும் புதுசுதான். திருப்பிக் கடையிலை தொங்கவிடட்டோ?"

நான் கையை நீட்டிப் பூட்டை வாங்கிக்கொண்டேன்.

"விக்காதேங்கோ. மார்கழி லீவுக்கு வேணும்."