முன்னால் வைத்த சக்கரம்

காரைக்குடிச் சந்தையில் கைவண்டி இல்லையென்றால் ஒரு மூட்டை நகராது. எங்கள் தெருவுக்கு உப்பும் மண்ணெண்ணெயும் தள்ளுவண்டியில்தான் வந்தன. மனிதன் கண்டுபிடித்ததில் இவ்வளவு பேருக்குச் சோறு போட்ட சாமான் வேறு எதுவும் இருக்காது என்று அப்பா சொல்வார். இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுக்கு வாய்த்த ஒற்றைச் சக்கர வண்டியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்பா மலாயாவில் ஒரு செட்டியாரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். செட்டியார் அங்கே தொழிலை முடித்துக்கொண்டதும், அப்பா ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார். புதுவயலுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். பாகத்தில் அவருக்கு விழுந்திருந்தது கண்மாய்க்கு மேல்புறம் சரிவாகக் கிடந்த ஒரு சரளைக் காடு. அதில் எள் விதைத்தால்கூட அரைமனதாகத்தான் முளைக்கும். அதை நெல்வயலாக்கிக் காட்டுகிறேன் என்று அப்பா கிளம்பினார்.

கோடையில் கண்மாய் வற்றியதும் அடியில் கிடக்கும் கரம்பை மண்ணை அள்ளிவந்து கொட்டினால் பொட்டலும் விளையும். மாட்டுவண்டி உள்ளவர்கள் எல்லாரும் செய்வதுதான். எங்களிடம் மாடும் இல்லை, வண்டியும் இல்லை. இருந்திருந்தாலும் வண்டி போகப் பாதை கிடையாது. அடுத்தவர்களின் வரப்பு மேல்தான் எங்கள் காட்டுக்குப் போக வேண்டும்.

இந்த இடத்தில்தான் அப்பாவுக்கு அந்தச் சீனாக்காரர் ஞாபகம் வந்தது. மலாயாவில் கடைச் சன்னல் வழியாகத் தினமும் பார்த்த காய்கறிக்காரர். கீரையும் பூசணியும் ஆளுயரத்துக்கு அடுக்கி, ஒற்றைச் சக்கர வண்டியில் சந்து பொந்தெல்லாம் தள்ளிக்கொண்டு போவாராம். சீனாவில் ராஜாக்கள் காலத்திலிருந்தே நெல்லும் பன்றியும் அதில்தான் போகுமாம். நடக்கமுடியாத தாயாரைக்கூட அதில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார்களாம். ஒரு வரப்பு அகலம் இருந்தால் அதற்குப் போதும் என்று அப்பா சொன்னபோது, எனக்கே கொஞ்சம் ஆசையாக இருந்தது.

ஊர் ஆசாரியிடம் குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினார். முன்னால் சக்கரம், அடுத்துப் பெட்டி, பின்னால் இரண்டு கைப்பிடி. ஆசாரி வேலமரத்தில் செய்து, சக்கரத்துக்கு இரும்புப் பட்டையும் அடித்துக் கொடுத்தார். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. முதல்நாள் அது வரப்பின் மேல் ஓடியதைப் பார்க்கச் சனம் கூடிவிட்டது. ஒத்தக்கால் கொக்கு என்று அதற்குப் பேரும் வைத்தார்கள். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கோபமே வராது. எங்கள் கஷ்டத்தில் பாதி அதனால் வந்தது.

அந்தக் கோடை முழுக்கத் தள்ளினார். ஐப்பசியில் ஒரே ஒரு பெருமழை பெய்து, கொட்டிய மண் அத்தனையையும் சரிவோடு அடித்துக்கொண்டு போய்க் கண்மாயிலேயே திரும்பச் சேர்த்துவிட்டது. அடுத்த கோடையில் குறுக்கே வரப்புப் போட்டுவிட்டு மறுபடி தள்ளினார். அந்த வருசம் நெல் முளைத்தது, கதிர் பிடிக்கிற நேரத்தில் கருகியது. அதற்கடுத்த கோடையில் கைப்பிடியைத் தூக்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராத்திரி அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். ஒத்தடம் கொடுக்கும்போதும் அப்பா எந்த மூலையில் எவ்வளவு மண் போட வேண்டும் என்றுதான் பேசிக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. காடு விளையவில்லையென்றால் அவள் புதுவயல் மில்லுக்குப் போக வேண்டும். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, கொதிக்கிற வெயிலில் காலால் கிளறிவிடும் வேலை. சொந்த நிலம் உள்ள வீட்டுப் பெண்கள் அந்தக் களத்தில் இறங்கினால் ஊர் அதைச் சொல்லியே கொன்றுவிடும். வெயிலைவிட அந்தப் பேச்சுக்குத்தான் அம்மா பயந்தாள்.

அப்போதுதான் அம்மாவின் பெரியப்பா மகன், எனக்கு மாமா, மலாயாவில் ஈப்போவிலிருந்து விடுப்பில் வந்தார். அப்பா வெளியே போயிருந்தார். வாசலில் நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த மாமா, சிரிக்காமல் அம்மாவிடம் கேட்டார்.

"என்னத்தா இது? சீனாக்காரன் வண்டியில சக்கரம் நடுவுலதான இருக்கும். சுமையெல்லாம் அது மேல உக்காந்துக்கிரும். தள்ளுறவன் சும்மா பிடிச்சுக்கிட்டுப் போவான்."

சன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர் அப்பா. கீரைக் குவியலுக்குள் மறைந்திருந்த சக்கரத்தை அவர் எப்படிக் கண்டிருப்பார்? மாமா போனதும், சக்கரத்தை மாற்றிவிடலாம் என்று நான் துள்ளினேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்பாட்டச் சொல்லிராத. சக்கரத்த மாத்துனா இன்னும் ஆயுசுக்கும் தள்ளுவாக. இடுப்பு வலியிலயாச்சும் விட்டுத் தொலைக்கட்டும்."

அவர் விடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் மழையே இல்லாமல் போனது. கண்மாயில் மண்ணுக்குப் பஞ்சமில்லை, தண்ணீர்தான் இல்லை. தண்ணீர் இல்லாத ஊரில் அப்பா வயலுக்கு மண் சுமந்துகொண்டிருந்தார். வீட்டில் விதைநெல்லும் குத்திச் சோறாகிவிட்ட பிறகு, ஒரு காலையில் அம்மா பழைய சேலையைக் கட்டிக்கொண்டு தூக்குச்சட்டியோடு மில்லுக்குப் புறப்பட்டாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இந்த ஒரு கோடைதான். அடுத்த வருசம் நீ போக வேண்டியிருக்காது."

இத்தனை வருசம் அடக்கிவைத்திருந்தது அம்மாவுக்கு அப்போது வெடித்துவிட்டது.

"சக்கரம் நடுவுல இருக்கணுமாம். அண்ணன் பார்த்துட்டு அப்பவே சொல்லுச்சு. நீக பாரத்த வண்டியிலயா ஏத்துனீக? இம்புட்டு வருசமும் உங்க கையிலதான ஏத்துனீக."

அவர் உடைந்து போவார் என்று நினைத்தேன். அப்படி நடந்திருந்தால்கூட எங்களுக்கு நல்லதுதான். அப்பா வண்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல அவர் முகம் தெளிந்தது.

"நடுவுலயா?" என்றார். "அப்ப இதவிட ரெண்டு மடங்கு ஏத்தலாமே."

இடுப்பில் ஒரு கையை ஊன்றி எழுந்தார். வண்டியைத் திருப்பி, ஆசாரி வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். எனக்கு அழுகையாக வந்தது. அம்மா அழவில்லை. மதியம் பசியோடு வருவார், சோறு எடுத்துவை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் புதுவயல் ரோட்டில் நடந்தாள்.

எனக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் அம்மா அந்தக் களத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.