இரண்டு போன், ஒரே மெயில்

என் மனைவி எடுக்கும் படங்களை எல்லாம் அவளுக்குத் தெரியாமல் ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி எழுதினால் ஏதோ துப்பறியும் ஆள் போலத் தெரியும். நான் சிறுசேரி கம்பெனிகளுக்கு ஷட்டில் வேன் அனுப்புகிறவன். எந்த வேன் எந்த கேட்டில் நிற்கிறது, எந்த டிரைவர் டயர் பஞ்சர் என்று பொய் சொல்கிறான், இவைதான் என் உளவுத்துறை.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் மனைவி புனேவுக்குப் போனாள். மூன்று மாதம் என்று பேச்சு. மகள் வேலைக்குத் திரும்பினாள், குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது, மூன்று மாதம் அதுபாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. கேளம்பாக்கம் ஃப்ளாட்டில் நானும் ஃபிரிட்ஜும் மிஞ்சினோம். ஃபிரிட்ஜாவது அவ்வப்போது உறுமும். நான் அதுகூட இல்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் போன் வாங்கிய அன்று ஜங்ஷன் கடைக்காரர் என் மெயிலையே அவள் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தார். "தனித்தனியா எதுக்கு சார், ஃபேமிலிதானே?" என்றார். ரேஷன் கார்டு போல வீட்டுக்கு ஒன்று போதும் என்று நானும் தலையாட்டினேன். அந்த மெயிலோடு க்ளவுட் என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வரும், எடுக்கிற படமெல்லாம் தானாக அங்கே போய்க் குவியும் என்று யாரும் சொல்லவில்லை.

அவள் போன பிறகு ஒருநாள் டோல் ரசீதுப் படம் ஒன்றைத் தேடி என் போனில் தள்ளிக்கொண்டே போனேன். நான் மிதித்தே இராத ஒரு தரை வந்தது. அடுத்து ஒரு கட்டைவிரல். அந்த விரலை எனக்குத் தெரியும். கத்திரிக்காய் நறுக்கி நறுக்கி ஓரத்தில் கறுத்த விரல்.

அன்றிலிருந்து காலை டீயோடு அதுதான் எனக்குப் பேப்பர். மருந்துக் கடையில் காட்டுவதற்காக எடுத்த மாத்திரை அட்டை. லிஃப்டில் மராத்தியில் ஒட்டியிருந்த ஏதோ அறிவிப்பு. யாரிடமாவது படிக்கச் சொல்ல எடுத்திருப்பாள். ஓடிப்போகிற குழந்தையின் ஒரு கால். கை தவறி அழுத்திய மின்விசிறி. அவள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படங்கள் வேறு. அதில் எல்லாரும் சிரிப்பார்கள், பின்னால் கேக் இருக்கும். இதில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு வீடு அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி லீவு என்பதால் வேனை மாமல்லபுரம் சவாரிக்கு விடுவோம். டிரைவர் வராத நாளில் நானே ஓட்டிப் போவேன். வந்தவர்கள் கடற்கரையில் விதவிதமாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்துக்கொண்டு, புனேவில் ஒரு கொடியில் காயும் குழந்தை ஜட்டிகளைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். பக்கத்து வேன்காரர் எட்டிப் பார்த்தால் என்னை என்ன நினைப்பார் என்ற பயம் மட்டும் உண்டு.

அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. காலை ஷிஃப்ட் வேன்கள் போய்விட்டன. வீட்டுக்கு வந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன், போன் அதிர்கிறது. "புதிய சாதனம் ஒன்று உங்கள் கணக்கில் நுழைந்துள்ளது. இடம்: மும்பை. இது நீங்களா?"

மும்பை! இட்லியைத் தள்ளி வைத்தேன். என் பேங்கில் இருப்பதைத் திருட மும்பையிலிருந்து கிளம்பியவன் பஸ் காசுக்குக்கூட ஏமாந்துபோவான் என்பது அப்போது தோன்றவில்லை. ஆனால் படங்கள்? யாரோ ஒருத்தன் உட்கார்ந்து அவள் கட்டைவிரலைப் பார்க்கிறானே! 'இல்லை, நான் இல்லை' என்பதை அழுத்தினேன். ஒருமுறை போதாதென்று குத்தினேன். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றவா?' என்றது. வெளியேற்று, கழுத்தைப் பிடித்துத் தள்ளு. 'புதிய பாஸ்வேர்டு கொடுங்கள்.' கொடுத்தேன். அதோடு விட்டேனா? திருடனுக்கு சிக்னல் போகக்கூடாது என்று போனை இட்லிக் குண்டானுக்குள் வைத்து மூடி, மேலே அம்மிக்குழவியையும் ஏற்றினேன். போன்களோடுதான் என் பிழைப்பு, பாருங்கள்.

பிறகு டிரைவர்களில் மூத்தவரை லேண்ட்லைனில் கூப்பிடலாம் என்று நினைத்தேன். லேண்ட்லைனைத் துண்டித்து ஆறு வருஷம் ஆகிறது. கீழே இறங்கி ஓடினேன். அவர் ஸ்டாண்டில் வேன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்த, மூஞ்சி பேஜாராக் கீது?"

"மும்பைக்காரன் என் அக்கவுண்ட்ல பூந்துட்டான்யா."

"எவ்ளோ டப்பு வெச்சிருந்த?"

"டப்பு இல்லய்யா. போட்டோ."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "இன்னா மாதிரி போட்டோ?"

"தரை. மாத்திரை. ஜட்டி."

"யார் ஜட்டி?"

அதற்கு மேல் அவரிடம் விளக்கம் சொல்ல முடியாமல் மேலே ஏறி வந்தேன். குண்டான் கணகணவென்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போன். மகள்.

"ப்பா! அம்மாவோட பழைய போன்ல பேட்டரி போச்சு. வயரை உருவினா செத்துடுது. புதுசு வாங்கி இப்பதான் எல்லாத்தையும் மாத்தினேன். அதுக்குள்ள எல்லாத்துலேர்ந்தும் வெளிய தள்ளிடுச்சு. நீ எதையாவது அழுத்துனியா?"

"நானா? நான் இட்லி தின்னுகினு இருக்கேன்."

"ப்பா."

"மும்பைனு போட்டிருந்துச்சும்மா."

"நெட் கம்பெனி மும்பைல இருக்கும். நாங்க புனேல உக்காந்திருந்தாலும் அது மும்பைனுதான் காட்டும்." பெருமூச்சு விட்டாள். "சரி, ஒருவிதத்துல நல்லதுதான். ரெண்டு பேருக்கும் ஒரே மெயில் எவன் போட்டுக் கொடுத்தான்? அம்மாவுக்குத் தனியா ஒண்ணு போட்டுட்டேன். இனிமே உன் படம் இங்க வராது, அம்மா படம் அங்க வராது. நிம்மதி."

யாருக்கு நிம்மதி என்று கேட்டிருக்கலாம். "சூப்பர்மா, என் க்ளவுட்ல இடம் மிச்சம், ரெண்டு வேன் நிறுத்திக்கலாம்" என்றேன். அவள் சிரித்தாள். நான் எதையாவது சொன்னால் சிரிக்க வேண்டும் என்று அவளைச் சின்ன வயதிலிருந்தே பழக்கியிருக்கிறேன். போனை வைத்ததும் படங்களைத் திறந்தேன். கடைசியாக இருந்தது புதுப் போனில் சோதனைக்கு எடுத்தது: மனைவியின் பாதி முகம், மீதி ஜன்னல். அதற்குப் பிறகு எவ்வளவு தள்ளினாலும் ஒன்றும் இல்லை. இட்லி ஆறிப் போயிருந்தது. அதைத் தின்றுவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மத்தியான ஷிஃப்டுக்கு ஆள் கேட்டு வந்த இரண்டு அழைப்புகளை எடுக்கவில்லை. நான் அப்படிச் செய்கிறவனே இல்லை.

சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"ஏங்க, ப்ளம்பர் வந்தாரா இல்லியா?"

"எந்த ப்ளம்பர்?"

"சிங்க்குக்குக் கீழ ஒழுகுதுன்னு படம் புடிச்சீங்களே. பின்னால அதே குக்கரு நாலு நாளாக் கழுவாம கெடந்துச்சு. வாய வுட்டுக் கேட்டா நீங்க எதுனா ஜோக்கு அடிப்பீங்கன்னு கம்முனு இருந்தேன்."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. கடைக்காரர் ஒருவழிப் பாதை போடவில்லை. வேன் மீட்டர், பரோட்டா பார்சல், காலில் வந்த கொப்புளம், டாக்டரிடம் காட்டப் படம் பிடித்த என் பல் என எல்லாம் புனேவுக்குப் போயிருக்கிறது. பல்கூட.

"எல்லாம் பாத்தியா?"

"வேற வேல? கொழந்த தூங்குற நேரத்துல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வூட்டக் கூட்டிப் பெருக்கிட்டு படம் எடுப்பீங்க."

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு நாலு பதில் வரிசையில் நிற்கும்.  "பழைய மாதிரியே இருந்திருக்கலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் அதில் ஜோக் இல்லை என்று கவனித்தேன்.

அங்கே கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னும் மெதுவாக, "பழைய போனு வயர சொருவினா வேல செய்யுது. அதுல உங்க மெயில்தான் கேக்குது. புது பாஸ்வேர்டு இன்னா?"

 மகள் வயதுக்கு வந்தபோதுகூட நான் இவ்வளவு கூச்சப்பட்டதில்லை. "திருடாபோடா. இங்கிலீஷ் எழுத்துல. சேத்து."

"இன்னாது?"

"அவசரத்துல அதான் வந்துச்சு."

அவள் ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்துத் தட்டுவது கேட்டது. நடுவில், "நான் உங்களுக்குத் திருடியா" என்றாள். என் போன் அதிர்ந்தது. மும்பையிலிருந்து யாரோ நுழைகிறார்களாம். இது நீங்களா? ஆமாம் என்று அழுத்தினேன். அதற்குள் அங்கே குழந்தை அழுதது, போனை வைத்துவிட்டாள்.

எப்போது வருகிறாய் என்று கேட்க நினைத்திருந்தேன். அடுத்த முறையும் கேட்கவில்லை.

அந்தப் பழைய போன் புனே வீட்டுச் சமையலறை ப்ளக் பாயிண்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வயர் சின்னது. அது எட்டுகிற தூரத்துக்குள் இருப்பதுதான் இப்போது எனக்கு வரும்: அடுப்பின் ஒரு பக்கம், எண்ணெய் பட்ட சுவர், கடுகு டப்பா, சில நாள் அவள் முழங்கை. சில நாள் ஒன்றுமே வராது. வராத நாளில் போன் செய்து கேட்பதில்லை. நானும் சிங்க்கைக் கழுவாமலே படம் எடுக்கிறேன்.