ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள்

ஐலீனுக்கு எதற்குத்தான் பயமில்லை என்று கேட்டால் அவள் கணவர் தோமஸ் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மழைக்குப் பயமில்ல" என்பார். இருபத்தெட்டு வருஷம் கூட இருந்து பார்த்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் பயம். தபாலில் பழுப்பு உறை வந்தால் பயம். "ஐலீன், கொஞ்சம் வாங்க" என்று யாராவது கூப்பிட்டால் போதும், என்ன தப்பு செய்தோம் என்று உள்ளுக்குள் தேட ஆரம்பித்துவிடுவாள். போய்ச் சேருவதற்குள் ஏதாவது ஒரு தப்பைக் கண்டும் பிடித்துவிடுவாள்.

பத்தொன்பது வருஷம் எல்லைப் பாலம் தாண்டிப் போய் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் பொருளின் தரம் பார்க்கும் வேலை செய்தவள். ஒரு நாள் அவளுக்கு மேலிருந்த லைன் லீடர் கீறல் விழுந்த மூடிகளை ஒரு பெட்டி நிறையக் காட்டி, "ஓகேன்னு சைன் போடுங்க" என்றார். போட்டாள். அதற்குப் பிறகு அவர் நீட்டிய தாளிலெல்லாம் போட்டாள். நோய்த்தொற்றால் எல்லை மூடிய வருஷம் அந்த வேலை போனது. போனதே என்ற துக்கத்தைவிட, இனி அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாமே என்ற நிம்மதிதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. இதை அவள் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

பிறகு பாலத்துக்கு இந்தப் பக்கமே, தம்போயில், ஒரு கடைவீட்டு மாடியில், திருச்செல்வம் நடத்தும் படிப்பு மையத்தில் டீச்சர் ஆனாள். பள்ளிக்கூடம் ஒத்துவராத பிள்ளைகள் அங்கே வருவார்கள். பாடப் புத்தகம் எல்லாம் அமெரிக்காவிலிருந்து வரும். ஐலீனுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், காலையில் நேரத்துக்கு வந்து கதவைத் திறப்பாள், எதிர்த்துப் பேச மாட்டாள். இந்த மூன்றில் திருச்செல்வத்துக்கு எது அதிகம் பிடித்தது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? முதல் வாரமே வாசல் சாவிக் கொத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

அவளிடம் ஏழு பிள்ளைகள், எல்லாருக்கும் பத்து வயது. அதில் தர்ஷனா பேசாத பிள்ளை. பழைய பள்ளியில் ஏதோ கேட்டதற்கு வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும்படி ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம். அன்றைக்கு மூடிய வாய். மையத்துக்கு வந்து எட்டு மாதம் தலையை மட்டும்தான் ஆட்டினாள். ஐலீன் அவளை வற்புறுத்தவில்லை. பயந்த பிள்ளையை இன்னொரு பயந்தவளுக்குத் தெரியாதா?

அப்போதுதான் அமெரிக்க அரசாங்கம் பற்றிய பாடம் வந்தது. ஐலீன் வீட்டில் நாலு தரம் படித்தாள். சுங்கச் சாவடி தாண்டினால் பாஸ்போர்ட் பார்க்கிற குடிநுழைவு, குடிநுழைவு தாண்டினால் பாலம், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த அரசாங்கம். யோசித்து யோசித்து, தரையில் ஒட்டு நாடாவால் மூன்று வட்டம் போட்டாள். இது சட்டம் போடுகிற காங்கிரஸ். இது அதை நடத்துகிற அதிபர். இது தீர்ப்புச் சொல்கிற நீதிமன்றம். மூன்று கிளை, ஒருத்தர் ஒரு வட்டத்தில்தான் நிற்கலாம். பிள்ளைகள் குதித்துக் குதித்து விளையாடினார்கள். நடுவில், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, தர்ஷனா வாயைத் திறந்தாள்.

"மூணும் பிராஞ்ச்னா, ஹெட் ஆபீஸ் எங்க டீச்சர்?"

நியாயமான கேள்வி. அவள் அப்பா முருகப்பனுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை மூவாரில் ஒன்று, பெக்கான் நானாஸில் ஒன்று. அதெல்லாம் கிளை. தலைமைக் கடை தம்போயில். தலைமை இல்லாத கிளையை அந்தக் குழந்தை எங்கே பார்த்தது? ஐலீனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, பதில்தான் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, கேள்வி காதில் விழுந்து, திருச்செல்வம் உள்ளே வந்தார். மூன்று வட்டத்தையும் மிதித்துக்கொண்டு நடுவில் நின்றார்.

"காவாங்கான்னு ஒண்ணு இருந்தா இபு பெஜாபாட்னு ஒண்ணு இருக்கணும் லா. கிளைக்கு ஒரு தலைமையகம் வேணும்ல? வெள்ளை மாளிகைதான் அது. அதிபர்தான் பாஸ்" என்று மலாயும் தமிழுமாகச் சொல்லி, பலகையிலும் அதையே எழுதிவிட்டுப் போனார்.

அன்று மாலை ஐலீன் புத்தகத்தை மறுபடி புரட்டினாள். அப்படி எங்கேயும் இல்லை. மூன்றும் சமம், ஒன்று மற்றதைத் தடுக்கும், மூன்றுக்கும் மேலே எந்த ஆபீசும் இல்லை என்றுதான் இருந்தது. மறுநாள் பிள்ளைகளிடம் அதை மெல்லிய குரலில், கதவைப் பார்த்துக்கொண்டே, ஒரே ஒரு தரம் சொன்னாள். பலகையில் இருந்ததை அழிக்கவில்லை. அதை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை.

தேர்வு வந்தது. கேள்வித்தாள் திருச்செல்வம் எழுதியது. மூன்று கிளைகளுக்கும் தலைமை எது என்று ஒரு கேள்வி. ஆறு பிள்ளைகள் பலகையைப் பார்த்து அதிபர் என்று எழுதினார்கள். தர்ஷனா மட்டும் தலைமை கிடையாது என்று எழுதினாள். திருத்தியதும் திருச்செல்வம்தான். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் போனதில் தர்ஷனாவுக்கு எழுபத்தெட்டு வந்தது. எண்பதுக்குக் கீழே போனால் கீழ்ப் புத்தகம், ஆறு மாதம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்பது மையத்தின் விதி. விதியைப் போட்டது யார் என்று கேட்க வேண்டாம்.

ஒரு திங்கட்கிழமை, வகுப்பில் எல்லார் முன்னாலும் அவர் அதைச் சொன்னார். தர்ஷனா தலையை ஆட்டினாள். அதோடு சரி, திரும்ப வாய் மூடிக்கொண்டது. கீழ்ப் புத்தகத்துக்கு மாற்றும் படிவத்தை, அந்தப் பாரத்தை, ஐலீனிடம் நீட்டி, வகுப்பாசிரியர் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார் திருச்செல்வம்.

ஐலீன் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டு தினமும் வீட்டுக்கும் மையத்துக்கும் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அவர் அறைப் பக்கம் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போனாள். போட்டுக் குடுத்துத் தொலை, நமக்கு எதுக்கு வம்பு என்றார் தோமஸ். போடாமல் இருக்கிறோமே, நம்மேல் பாவமில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் தர்ஷனா இருக்கிற திசையைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, சட்டம் எப்படி உண்டாகிறது என்ற பாடம். காங்கிரஸ் எழுதி அனுப்பும், அதிபர் கையெழுத்துப் போட்டால் சட்டம் என்றாள் ஐலீன். பிடிக்காவிட்டால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புவார். ஜோஆன், வாய் ஓயாத பிள்ளை, கையைத் தூக்கினாள்.

"போடவும் இல்ல, திருப்பிக் குடுக்கவும் இல்ல. சும்மா பையில வச்சுக்கிட்டார்னா டீச்சர்?"

ஐலீன் பக்கத்தைத் திருப்பினாள். பதில் அங்கேதான் இருந்தது. காங்கிரஸ் கூடியிருக்கிற நாட்களில், ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் அவர் சும்மா இருந்தால், கையெழுத்து இல்லாமலே அது சட்டம் ஆகிவிடும். அவள் சத்தமாகத்தான் வாசித்தாள். வாசித்து முடித்ததும் மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினாள். பாரம் வந்து, ஞாயிறு நீங்கலாக, அன்றோடு ஒன்பது நாள்.

எத்தனை வருஷமாக இதையே செய்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள். சும்மா இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்ததெல்லாம் கையெழுத்துப் போட்டது மாதிரிதானே. கடைசி வரிசையில் தர்ஷனா குனிந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஐலீன் பாரத்தின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதினாள். பிள்ளை எழுதிய பதில் சரி. பலகையில் இருந்தது தவறு. தவறு என்று தெரிந்தும் நான் அழிக்கவில்லை. திருச்செல்வம் அறை வரைக்கும் பதினாலு காலடிதான். அன்றைக்கு அது பாலத்தைவிட நீளமாக இருந்தது. உள்ளே போனதும் தாளை மேசையில் வைத்தாள்.

"நான் இதுல சைன் போட மாட்டேன் சார். காரணம் பின்னால எழுதியிருக்கேன்."

திருச்செல்வம் திருப்பிப் பார்த்தார். வாசித்தார். திரும்பவும் வாசித்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"வேற யாராச்சும் போடுவாங்க," என்றார். "திங்கக்கெழமையிலேர்ந்து நீங்க வர வேணாம். சாவிய வச்சிட்டுப் போங்க."

வைத்தாள். படி இறங்கினாள். ஆனது என்ன? வேலை போச்சு. பிள்ளையும் கீழ்ப் புத்தகத்துக்குத்தான் போகப் போகிறது. இனி விடியாத நேரத்தில் எழுந்து, பாலத்து நெரிசலில் நின்று, இன்னொரு லைன் லீடர் நீட்டுகிற தாள். தோமஸிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

கீழ்ப்படியில் தர்ஷனா உட்கார்ந்திருந்தாள், அப்பாவின் காருக்காக. ஐலீனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவள் வெறும் கையைப் பார்த்தாள்.

"சாவி எங்க டீச்சர்?"

ஒன்றரை வாரமாகக் கேட்காத குரல். ஐலீன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார்கிட்ட குடுத்துட்டேன்மா. திங்கக்கெழமை நான் வர மாட்டேன்."

"ஏன்?"

"நீ எழுதுனது சரி. எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லப் பயந்துட்டேன். இன்னைக்குத்தான் சொன்னேன்."

தர்ஷனா யோசித்தாள். அவள் யோசிக்கும்போது உதட்டைக் கடிப்பாள்.

"எண்பது வேணும்னு ரூல் போட்டது யாரு டீச்சர்?"

"சார்."

"என்னைக் கீழ அனுப்புறது?"

"சார்தான்."

"நான் எழுதுனது தப்புன்னு சொன்னது?"

அன்று மூன்று வட்டத்தையும் மிதித்து நின்ற திருச்செல்வம் ஐலீன் கண் முன்னால் வந்தார். தர்ஷனா எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, பையை ஐலீனின் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியேறினாள். வேண்டாம்மா, வா என்று கூப்பிட வாயெடுத்தாள் ஐலீன். அந்த அறையில் என்ன சொல்வார்கள், திரும்ப எப்படி வரும் அந்தப் பிள்ளை, இந்தத் தடவை மூடிக்கொண்டால் திறக்குமா என்று நினைப்பு ஓடியது. கூப்பிட்டால் நின்றுவிடும் என்றும் அவளுக்குத் தெரிந்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

மேலே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தரம். அப்புறம் சின்னக் குரல், நடுங்கிக்கொண்டேதான், ஆனால் படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி.

"சார், ஒரு கேள்வி."